எங்கள் டீச்சருக்கு நாங்கள் எடுத்த விழா

கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடிய வாரத்தில் எங்கள் தெருவில் ஆசிரியர்களைப் பற்றி ஒரே கருத்துதான் இருந்தது: கொடுத்து வைத்தவர்கள். அதை உரக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். நான் மேனேஜராக இருந்த லாட்ஜும் அப்போது மூடிக் கிடந்தது. கிரிவலத்துக்குத் தடை போட்ட பிறகு பௌர்ணமிக்குக்கூட ஓர் ஆள் வரவில்லை. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் என் மனைவிக்கு மட்டும் லீவு கிடையாது. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு புறப்படும்போது அவள் சொன்னாள்:

"பத்து மணிக்கு டீச்சர் வீடியோவுல வருவாங்க. பாப்பா பக்கத்துல உக்காந்துக்குங்க, போதும்."

அந்தப் 'போதும்' என்ற சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும்.

மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. சின்னப் பள்ளி, மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து ஒரே டீச்சர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முதல் வாரம் செல்போன் திரையில் பிள்ளைகளைவிடப் பெற்றோர்கள்தான் அதிகம் தெரிந்தோம். ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தது. இன்னொரு வீட்டில் மைக்கை அணைக்காமல் மாமியாரைப் பற்றிப் பேசினார்கள். அன்றைக்கு வகுப்பில் அப்படியொரு அமைதி. நானும் ஒருமுறை லுங்கியை மடித்துக் கட்டியபடி திரைக்குக் குறுக்கே நடந்துபோய் எல்லா வீடுகளுக்கும் அறிமுகமானேன்.

பெற்ற பிள்ளை திணறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டதும் மகள் விழித்தாள். "அம்பத்தாறு" என்று கிசுகிசுத்தேன்.

"கரெக்ட்," என்றார் டீச்சர். "பாப்பாவோட அப்பாவுக்கு நல்லா வருது. இப்ப பாப்பா சொல்லட்டுங்க."

பிறகு, வீட்டிலேயே எழுதிப் படம்பிடித்து அனுப்பும் தேர்வு வந்தது. மகளுக்கு அன்று சளி. நானே எழுதிவிட்டேன். சந்தேகம் வரக்கூடாதென்று இடது கையால் எழுதினேன். வேண்டுமென்றே இரண்டு தப்பும் விட்டேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சாயங்காலம் டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"சார், பாப்பாவுக்கு கைல அடி எதுனா பட்டுச்சா?"

"இல்லிங்களே டீச்சர். ஏன்?"

"எழுத்து கோணலா இருந்துச்சி, அதான் கேட்டேன். ரெண்டு தப்பு இருக்குது. நீங்களே பாத்து திருத்திக்குங்க."

'நீங்களே' என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

கட்டுப்பாடுகள் கொஞ்சம் தளர்ந்த பிறகு ஒரு நாள் மருந்து வாங்கப் போனேன். கோயிலைச் சுற்றிப் பூக்கடைகள் பெரும்பாலும் சாத்தியிருந்தன. ஒரு கடை முன்னால் டீச்சர் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே, தள்ளித் தள்ளி, ஒரு பெண் பிள்ளையும் அவள் தம்பியும். இறக்கிவிட்ட ஷட்டரின் மேல் சாக்பீஸால் வகுத்தல் கணக்கு எழுதியிருந்தது. பிள்ளைகளின் அம்மா, அந்தக் கடையின் பூக்காரம்மா, கொஞ்சம் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் டீச்சர், இவங்க வீடியோவுல வர்லையா?" என்று கேட்டேன்.

"போன் இருந்தா வருவாங்க சார்."

"டெய்லி இங்க வர்றீங்களா?"

"வாரத்துல ரெண்டு நாளுதான். மத்த நாளு வேற வீட்டுக்குப் போவணும்."

மாதக்கணக்கில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குப் பதிலாகப் பாடம் படித்த நான், இந்த இரண்டு பிள்ளைகள் திரையில் இல்லை என்பதைக் கவனிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. லாட்ஜின் சாப்பாட்டுக் கூடம் காலியாகத்தானே கிடக்கிறது, அதைத் திறந்துவிடலாமா என்று முதலாளிக்குப் போன் போட்டேன்.

"எவனாச்சும் போட்டோ எடுத்துப் போட்டான்னா சீல் வெச்சிடுவாங்க. உனக்கு இன்னாத்துக்குப்பா இந்த வேலை?" என்றார்.

அவர் சொன்னது நியாயம் என்று எனக்கு உடனே பட்டுவிட்டது. மறுநாள் லாட்ஜிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் நன்றி சொல்லி வாங்கி, அதன்மேல் நோட்டுகளை அடுக்கிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். கல்விக்கு நான் செய்த தொண்டு முழுவதும் இவ்வளவுதான்.

ஒன்றரை வருடம் கழித்துப் பள்ளி திறந்தது. பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு கேட்டுக்கு வெளியே நின்ற எங்கள் முகத்தில் தெரிந்த நிம்மதியை வர்ணிக்க முடியாது. அந்த நிம்மதியில்தான் டீச்சருக்குப் பாராட்டு விழா எடுப்பதாகப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் முடிவானது. குரூப்பை நடத்தியவர் பிளக்ஸ் கடைக்காரர். ஆகவே வேறு எது முடிவாவதற்கும் முன்னால் பேனர் முடிவாகிவிட்டது. பெற்றோர் படங்களை அனுப்பச் சொன்னார். அரை மணி நேரத்தில் எல்லோரும் அனுப்பினோம், சிலர் கூலிங் கிளாஸோடு. டீச்சரின் படம்தான் யாரிடமும் இல்லை. கடைசியில் வீடியோ வகுப்பில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் ஒன்று அகப்பட்டது. அதில் அவர் கண்கள் மூடியிருந்தன, வாய் திறந்திருந்தது. அதையே மூலையில் தபால்தலை அளவில் போட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை பத்து மணிக்கு விழா. மைக் வேலை செய்யத் தொடங்கவே பதினொன்றரை ஆகிவிட்டது. அதுவரை பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். பிளக்ஸ்காரர் தம் மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தாம் பட்ட பாட்டை விரிவாகப் பேசினார். சால்வைகளை மொத்தமாக எடுத்ததில் ஜாஸ்தியாகிவிட்டிருந்தது. எனவே மைக் கொண்டுவந்தவருக்கு ஒன்று, பந்தல் போட்டவருக்கு ஒன்று. அடுத்து, "ஊரே முடங்கிக் கிடந்த நாள்லயும் கல்விக்கு இருக்கை தந்த வள்ளல்" என்று ஒருவரை மேடைக்கு அழைத்தார்கள். அது நான்தான் என்று புரியக் கொஞ்சம் நேரமானது. வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என நினைத்துக்கொண்டேதான் படியேறினேன், நினைத்துக்கொண்டேதான் தோளைக் குனிந்து கொடுத்தேன்.

டீச்சரின் முறை வந்தபோது மேடையில் அவரைக் காணோம். தேடினால், பிள்ளைகளை நிழலுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். அழைத்துவந்து அவசரமாகப் போர்த்திவிட்டு, போட்டோவுக்கு நிறுத்தினார்கள்.

அந்த நேரத்தில் பூக்காரம்மா ஒரு பெரிய ரோஜா மாலையோடு உள்ளே வந்தார். குரூப்பில் அவர் இல்லாததால் விழா நடப்பதே அவருக்குத் தெரியாது. ஆர்டர் வந்த மாலையைக் கொடுக்க வந்திருந்தார். கீழே நின்ற என்னிடம் கேட்டார்:

"இன்னா சார் விசேஷம்?"

"டீச்சருக்குப் பாராட்டு விழாம்மா."

மாலைக்கு ஆர்டர் கொடுத்தவர் பிளக்ஸ்காரர். தலைமை வகிப்பவருக்கு என்று சொல்லியிருந்தார். தலைமையும் அவரே. அவர் கழுத்தை லேசாக நீட்டிக்கொண்டு நின்றார். பூக்காரம்மா அவரைத் தாண்டிப் போய் மாலையை டீச்சர் கழுத்தில் போட்டார். "டீச்சரம்மா, பையன் நேத்து பஸ் போர்டைத் தானே படிச்சான்" என்று மட்டும் சொன்னார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று டீச்சர் கண் கலங்கியது அப்போது மட்டும்தான். பிளக்ஸ்காரர் முதல் ஆளாகக் கைதட்டினார். வேறு என்ன செய்வார்.

ரெண்டு வார்த்தை பேசச் சொன்னோம். டீச்சர் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார்.

"எல்லாருக்கும் நன்றிங்க. ஒன்ற வருஷமா பெத்தவங்க எல்லாரும் நல்லா படிச்சீங்க, பதிலும் கரெக்டா சொன்னீங்க. இனிமே பசங்க படிக்கட்டும். தப்பா எழுதுனாலும் அவங்களே எழுதட்டும். மணி ஒண்ணாவப் போவுது, பசிக்கும், கூட்டினு போங்க."

நாங்கள் பலமாகக் கைதட்டினோம். அது எங்களுக்கான பாராட்டு என்று சிலர் இன்றும் நம்புகிறார்கள்.

வீட்டில் சால்வையைப் பார்த்து மனைவி யாருடையது என்று கேட்டாள். நாற்காலிக் கதையைச் சொன்னேன். ஒரு நாள்கூட லீவு போடாமல் ஆபீஸ் போய்வந்தவள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. குரூப்பில் அன்றே சண்டை தொடங்கியது. நன்றியுரையில் யார் பெயர் விடுபட்டது, பேனரில் யார் முகம் யாருக்குப் பின்னால் போனது என்று மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் நான் குரூப்பை விட்டு வெளியே வந்தேன்.

வீட்டுப்பாடம் என்னவென்று அதில்தான் போடுவார்கள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வேறு வழியில்லாமல் மகளைக் கேட்டேன்.

"காலையிலயே முடிச்சிட்டேன்பா," என்றாள்.

நோட்டைக் கொடு, பார்க்கலாம் என்றேன். அவள் கொடுக்கவில்லை.