தாகம் பழகிய புரட்டாசி

சுரைக்குடுக்கையில் வெயிலேறிய தண்ணீருக்கு ஒரு கசப்பு உண்டு. நாக்கில் தெரியாது. தொண்டைக்கு அடியில் தெரியும்.

ஒரு புரட்டாசி மாதம் முழுக்க அதைத்தான் குடித்தேன்.

பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்கியதைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்கிறார்கள். உட்கார்ந்தால் கூடாரம் வருவதில்லை. புறப்படுவதற்கு முந்தைய நாட்கள்தான் வருகின்றன...

இரண்டாம் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முன்பு. சென்னையில் நிலவியல் படித்துவிட்டு, சேலத்து வெள்ளைக்கல் சுரங்கம் ஒன்றில் கொஞ்ச காலம் இருந்தேன். பஸ்ராவுக்கு அப்பால் எண்ணெய் தேடும் ஒரு கம்பெனி ஆள் எடுத்தது. ஆறு மாதம். மணல்வெளி. கூடாரத்தில் வாசம்.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் காடு. ஒரு கிணறு, ஒரு ஜோடி எருது, கொஞ்சம் ஆடுகள். அம்மா காலமாகியிருந்தாள். வீட்டில் அப்பாவும் என் மனைவி பாவாயியும்தான்.

அப்பா கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை. சம்பளத்தைப் பற்றியும் கேட்கவில்லை.

"அங்க கெணறு என்ன ஆழம் சாமி?"

"கெணறே இல்லீங்கப்பா. லாரில தண்ணி கொண்டாந்து குடுப்பாங்க."

"லாரி வல்லீன்னா?"

கம்பெனிக் கடிதத்தை மறுபடி பிரித்துப் பார்த்தேன்.

"அதுக்கொரு வழி பண்ணாம உன்னய அனுப்பமாட்டேன்" என்றார்.

எங்கள் பக்கத்தில் அறுப்பு முடிந்த காட்டில் எருவுக்காக ஆட்டுப்பட்டி போடுவார்கள். பட்டி இடம் மாற மாற, காவலுக்குப் படுப்பவனின் சின்னக் குடிசையும் கூடவே தூக்கிக்கொண்டு போகப்படும். உள்ளே நிமிர்ந்து உட்கார முடியாது.

"கூடாரம்னா என்ன, இதாட்டந்தான?" என்று அப்பா என்னை அதில் குடிவைத்தார்.

விடிந்தால் ஒரு குடுக்கை தண்ணீர். விளக்கு வைக்கும்வரை அவ்வளவுதான். வெயிலில் நடக்க வேண்டும். தாகம் எடுத்தால் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்ளலாம். அவருக்குப் பாலைவனம் என்பது முடிவே இல்லாத ஒரு வைகாசி. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

முதல் நாள் உச்சிக்கு முன்பே குடுக்கை காலி. கம்பஞ்சோற்றுடன் பாவாயி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். குடுக்கையைப் பார்த்தாள்.

"ஏனுங்க... பஸ்ரா போற தொரைக்கு இதுக்கே நாக்குத் தள்ளிப்போச்சுங்களா?"

"மோரு கொண்டாந்தியா?"

"மோரு லாரில வருமுங்க. இருங்க."

சிரித்தாள். பிறகு குடுக்கையை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினாள். சத்தம் இல்லை.

"அங்க போயி நெசமாலுமே இப்பிடி ஆச்சுன்னா...?"

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

நாட்கள் போகப் போகத் தண்ணீர் நீண்டது. மாதக் கடைசியில் ஒரு மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில் குடுக்கையில் மீதம் இருந்தது. அப்பா அதைத் தன் உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தார். பிறகு குடித்தார்.

"இனிப் போலாம்."

மூட்டை கட்டினோம். மெல்லிய வேட்டிகள், உப்பில் ஊறிய எலுமிச்சை, வெங்காயம். கம்பளி ஒன்று வைக்கலாமா என்று கேட்டேன்.

"கம்பளி மலைக்காரங்களுக்கு. மணக்காட்டுல அது எதுக்கு?"

கிழக்கே கொல்லிமலை நீலமாக நின்றது. எங்கள் கணக்கில் குளிர் என்பது அங்கே மட்டும் இருக்கும் பொருள். மூவரில் ஒருவருக்கும் வேறு எண்ணம் வரவில்லை.

பாலைவனத்தில் முதல் வாரமே மழை பெய்தது.

குளிர்ந்த, சாய்ந்த மழை. கூடாரத்துக்குள் சேறு. சுற்றிலும் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தோம். யாரோ கொடுத்த பழைய கோட்டுக்குள் நடுங்கினேன். லாரி ஒரு நாளும் தவறவில்லை. மிஞ்சிய தண்ணீரில் கால் கழுவினோம்.

இங்கே மழை என்று வீட்டுக்கு எழுதினேன். எல்லோரும் சுகம் என்று பதில் வந்தது.

வைகாசியில் திரும்பினேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்தேன். கட்டுத்தறியில் எருதுகள் இல்லை. மேய்ச்சலுக்குப் போயிருக்கும் என்று நினைத்தேன். அப்பாவின் தோளெலும்பு துருத்தி நின்றது. அவரோ என் புஜத்தைப் பிடித்துப் பார்த்து மலர்ந்தார்.

"நல்லாத் தேறி வந்துருக்கற சாமி!"

பாவாயி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பாதிச் சொம்பு. ஒரே மூச்சில் குடித்துவிட்டு நீட்டினேன்.

"இன்னொரு சொம்பு."

அவள் நகரவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"குடு பாவாயி" என்றார் அப்பா. "பாலைவனத்துல இருந்து வந்துருக்கறான்."

குடித்தேன்.

சாயங்காலம்தான் கிணற்றுப் பக்கம் போனேன். அடியில் வெடித்த சேறு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மேகம் கொல்லிமலையில் உட்கார்ந்துவிட்டு அப்படியே போய்விட்டதாகப் பாவாயி சொன்னாள். தையில் கிணறு வற்றியது. எருதுகளைச் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றார்கள். நெடுந்தொலைவு நடந்து பாவாயி குடத்தில் கொண்டுவருவதுதான் அன்றைக்கு வீட்டுத் தண்ணீர். நான் குடித்தது அப்பாவின் மாலைப் பங்கு.



அப்பா இப்போது இல்லை. கிணற்றை ஆழப்படுத்தி ஆயில் எஞ்சின் வைத்தாயிற்று. அது ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவது காதில் விழாது. தொட்டி நிறைந்து வாய்க்காலில் போகிறது.

வீட்டுக்கு யார் வந்தாலும் பாவாயி சொம்பை விளிம்புவரை நிரப்பித்தான் கொண்டுவருகிறாள். வழியெல்லாம் தளும்பித் தரை நனைகிறது. வந்தவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுகிறார்கள்.

அந்த மீதத்தை அவள் கீழே ஊற்றி நான் பார்த்ததில்லை.