தேதி எழுதாத நோட்டீஸ்

அச்சு இயந்திரம் வந்த பிறகுதான் ஏழை சனங்களுக்குக் கண் திறந்தது என்று டீச்சர் பாடம் நடத்தினார். இந்திய மொழிகளில் முதலில் அச்சேறியது தமிழ்தான், கப்பலேறி வந்த பாதிரிமார்கள் எழுத்து வார்த்துப் புத்தகம் அடித்தார்கள், அறியாமை ஓடிப்போயிற்று என்றெல்லாம் சொன்னார். பரீட்சையில் அதை அப்படியே எழுதி நல்ல மார்க் வாங்கினேன். இப்போது அந்தக் கேள்வியை யாராவது கேட்டால் என்னிடம் வேறு பதில் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

அப்பா கொடைக்கானலில் பேப்பர் போட்டவர். வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வரும் முதல் பஸ்ஸில் பேப்பர் கட்டு வரும். குரங்குக் குல்லாவும் அதன்மேல் மப்ளருமாக வெள்ளனே போய் பஸ் ஸ்டாண்டில் நிற்பார். ஸ்கூல் போர்டிங், மிஷன் பங்களாக்கள், லாட்ஜுகள் என்று மத்தியானம் வரை நடை. வீட்டில் என்ன சண்டை வந்தாலும் அவரிடம் ஒரே தீர்ப்புதான்: "அச்சுல வந்திருக்குல்ல? அப்புறம் என்ன பேச்சு?" அவசரநிலைக் காலத்தில் டீக்கடையில் யாரோ, அங்கே இப்படிப் பிடித்துப் போட்டார்கள், இங்கே அப்படி அடித்தார்கள் என்று குசுகுசுத்தபோது, "அச்சுல வரலேன்னா நடக்கலேன்னு அர்த்தம்யா" என்று எழுந்து வந்துவிட்டார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்று அம்மாவிடம் கத்துவேன். அம்மா சிரிப்பாள்.

பேப்பர் கட்டோடு சில நாள் இன்னொரு சின்னக் கட்டும் வரும். அது சாவு நோட்டீஸ். எங்கள் சனங்கள் அதை வத்தலக்குண்டு பிரஸ்ஸில்தான் அடித்து வாங்குவார்கள். கறுப்புக் கட்டம், நடுவில் படம், கீழே 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்ற வரி. அதைச் சுவர் சுவராக ஒட்டுவதும் அப்பாவின் சோலிதான். கோயில் மணி துக்கத்துக்கு அடித்தால் யாருக்கு என்று சனங்கள் ஒருவரையொருவர் கேட்கமாட்டார்கள். நேராகச் சுவரைப் போய்ப் பார்ப்பார்கள்.

இதில் மழைக்காலத்து வழக்கம் ஒன்று உண்டு. கீழே உள்ளவர்களிடம் சொன்னால் பேயடித்த மாதிரி பார்ப்பார்கள். ஐப்பசி கார்த்திகையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் பஸ் நின்றுவிடும், போன் கம்பியும் அறுந்துவிடும். அந்தச் சமயத்தில் ஒரு சாவு விழுந்தால் பிரஸ்ஸுக்கு யார் இறங்கிப் போவது? அதனால் வீட்டில் யாராவது மோசமாகப் படுத்தால், ரோடு திறந்திருக்கும்போதே ஒருத்தர் இறங்கிப் போய் நோட்டீஸை அடித்து வாங்கி வந்துவிடுவார். தேதியும் அடக்க நேரமும் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு மட்டும் இருக்கும். ஆள் போனபிறகு அந்தக் கோட்டின் மேல் ஈரத்தில் கரையாத மையால் எழுதி ஒட்டவேண்டியதுதான். பிழைத்துவிட்டால் கட்டு அடுப்புக்குப் போகும், அதைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். மழைக்கு முன்னால் விறகு அடுக்கி வைக்கிற மாதிரிதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்தக் கோடுகளின் மேல் எத்தனையோ பேருக்கு அப்பா தேதி எழுதியிருக்கிறார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழையில் அவரே படுத்துவிட்டார். நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விட்டால் ரம்பம் அறுக்கிற சத்தம். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று பேசிக்கொண்டுதான் இருந்தார். கஞ்சி கேட்டார். பேப்பரை யார் போட்டது என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டு லோடுமேன் ஒருத்தர், அப்பாவின் கூட்டாளி, அந்த வேலையை ஏற்றுக்கொண்டிருந்தார். டாக்டர் மட்டும் பெரியப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை என்று கையை விரித்தார். அன்று சாயங்காலமே பெரியப்பா கடைசி பஸ்ஸைப் பிடித்து இறங்கிப் போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ராத்திரியே மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது.

அப்பா பிழைத்துக்கொண்டார். எப்படி என்று டாக்டருக்கே தெரியவில்லை. ரோடு திறந்த அன்று காலையில்தான் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, நின்று நின்று நடந்தார். அத்தனை நாள் கழித்து வெயில் அடித்தது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! எதிரே வந்த காய்க்காரப் பெண் எங்களைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டு, "ஏசுவே!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். பைத்தியம் பிடித்துவிட்டதா இவளுக்கு என்று நான் சிரித்தேன்.

ஏழு ரோட்டு முக்குச் சுவரில் அப்பா இருந்தார். கறுப்புக் கட்டத்துக்குள்.

பிறகுதான் நடந்தது புரிந்தது. முதல் பஸ்ஸில் தேங்கிப்போன பேப்பர்கள் எல்லாம் மொத்தமாக வந்திருந்தன. பிரஸ்காரர்கள் பழக்கதோஷத்தில் நோட்டீஸ் கட்டையும் பேப்பர் கட்டோடு ஏற்றிவிட்டார்கள். பெரியப்பா அடுத்த பஸ்ஸில் இடம் பிடித்து வருவதற்குள் லோடுமேன் கட்டைப் பிரித்திருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்தார், குலுங்கிக் குலுங்கி அழுதார், அழுதுகொண்டே பசை காய்ச்சி, அப்பா ஒட்டுகிற அதே சுவர்களில் ஒரு சுவர் விடாமல் ஒட்டிவிட்டார். கோட்டின் மேல் தேதி இல்லை என்பது அவருக்கு எங்கே தெரியும்?

அப்பா கிட்டே போனார். ஒரு வரி விடாமல் படித்தார். துக்கப்படுவோர் பட்டியலில் அம்மா, நான், பெரியப்பா எல்லோரும் வரிசையாக இருந்தோம். அவர் கத்துவார், நோட்டீஸைக் கிழிப்பார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். கிழித்திருக்கலாம். அவர் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது அப்பா அம்மாவின் கல்யாணப் படம். வீட்டில் இருந்ததே அந்த ஒரு படம்தான். அம்மாவின் டிரங்குப் பெட்டியில், துணிக்கு அடியில் கிடந்தது. பெட்டிச் சாவி அம்மாவின் கழுத்துக் கயிற்றில். அம்மாவை வெட்டிவிட்டு அப்பாவை மட்டும் அச்சடிக்கிற உலோகத் தகடாக, பிளாக்காகச் செய்திருந்தார்கள். முழுசாக வெட்ட முடியாமல் ஓரத்தில் அம்மாவின் தோளும் சேலைக் கரையும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன.

"படத்துக்கு பிளாக்கு மதுரையிலதான் செய்யணும்" என்றார் அப்பா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "போய் வர ரெண்டு மூணு நாளாவது ஆகும். ரோடு அடைச்சது நான் ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு ராத்திரி. அப்ப அன்னிக்கே படம் கீழ போயிருக்கு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அன்னிக்கு நான் பேசிக்கிட்டுல்ல இருந்தேன்."

அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கையை உதறவில்லை. மெதுவாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். வீடு வரைக்கும் என் தோளை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தார்.

சாயங்காலம் பெரியப்பா வந்தார். வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே தம்பி, ஊரு வழக்கந்தானலே. நீ எழுதாத தேதியா? ஒனக்குத் தெரியாதா?" என்றார். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "தெரியும்ணே" என்றார்.

அந்த நாளுக்குப் பிறகு அவர் அம்மாவிடம் சண்டை போடவில்லை, திட்டவில்லை, சாப்பாட்டைத் தள்ளவில்லை. தண்ணி வேணும், மப்ளர் எங்கே, கதவைச் சாத்து. அத்தோடு சரி. அச்சுல வந்திருக்குல்ல என்ற தீர்ப்பையும் விட்டுவிட்டார். நானாவது வாய் விட்டுக் கேட்டேனா? இல்லை. கேட்டால் இருக்கிறதும் உடைந்துபோகும் என்று பயம். அம்மா கதவோரத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் கேட்பார், கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்திருக்கிறாள். நான் அதைக் கோபம் என்று நினைத்தேன். எனக்கு அவர்கள் இரண்டு பேர்மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஊர் சும்மா இருக்குமா? ஒட்டாமல் மிஞ்சிய நோட்டீஸில் பாதியை பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம் வெள்ளைத்தாள் அல்லவா, பஜ்ஜி மடிக்க வசதி. அப்பாவின் முகத்தில் எண்ணெய் ஊறிப் பார்த்திருக்கிறேன். அதில் நாலைந்தை உருவி, ஏப்ரல் முதல் தேதி வந்தால் விடலைப் பையன்கள் சுவரில் ஒட்டுவார்கள். பேப்பர் போட வருகிற அப்பாவிடம், "அண்ணே, அடக்கம் எத்தன மணிக்கு? கோடு வெறுமையா கெடக்கே!" என்று கேட்பார்கள். அப்பா சிரித்துவிட்டுப் போவார். ஒருத்தனை நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு துரத்தியதும் உண்டு. ஓடிக்கொண்டே, "அக்கா, அச்சுல வந்திருக்குல்ல!" என்றான்.

இப்படியே சில வருஷம் ஓடியது. எண்பதுகள் தொடங்கிய பிறகு, அதேபோல ஒரு கார்த்திகை மழையில், தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. காலையில் காப்பி கொண்டுபோன அம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழக்கூட இல்லை.

ரோடு அடைத்துக் கிடந்தது. பெரியப்பா பரணிலிருந்து ஒரு கட்டை இறக்கிக்கொண்டு வந்தார். அடுப்பில் போடாமல் வைத்திருந்த, மிஞ்சியதில் இன்னொரு பாதி. தாள் பழுத்திருந்தது, எழுத்து மட்டும் அன்று அடித்த மாதிரி கறுப்பாக இருந்தது. "வேற வழியில்ல தாயி. வெரசா எழுது" என்றார். நான் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் தேதி எழுதினேன். மத்தியானம் மூன்று மணிக்கு அடக்கம் என்று எழுதினேன். கையில் கிடைத்த நீல மைப் பேனாவால்தான் எழுதினேன். லோடுமேன் அதே சுவர்களில் ஒட்டிவிட்டு வந்தார்.

அவர் ஒட்டி முடித்ததும் மறுபடி தூறல் பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார், பெரியப்பா, லோடுமேன், பக்கத்து வீட்டார், நாங்கள். வேறு யாரும் இல்லை. இத்தனை வருஷம் வீடு வீடாக நடந்து பேப்பர் போட்டவர். இந்த ஊரின் சாவுகளை எல்லாம் ஒட்டியவர். பாதிரியார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பெரியப்பா வாசலுக்கும் குழிக்குமாக நடந்தார். பிறகு மழை வலுக்கவே மண்ணைத் தள்ளினார்கள்.

திரும்பும்போது ஏழு ரோட்டில் நின்று பார்த்தேன். நான் எழுதியது ஒன்றுகூட இல்லை. நீல மை கரைந்து, கறுப்புக் கட்டத்துக்கு வெளியே வழிந்து ஓடியிருந்தது. அச்சு மையை மழை ஒன்றும் செய்யவில்லை. படமும் பேரும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாரும் அப்படியே பளிச்சென்று இருந்தன. தேதி இடத்தில் வெறும் கோடு. பக்கத்துக் கடையில் குடையோடு ஒதுங்கி நின்ற ஒருத்தர் எங்களைக் கவனிக்காமல் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மணி அடிச்சுச்சேன்னு வந்து பாத்தேன். பழைய நோட்டீஸ ஒட்டி வச்சிருக்கானுக. பாவம், அந்த மனுஷன விடவே மாட்டானுக போலிருக்கு. யாருக்கு அடிச்ச மணின்னுதான் தெரியல."

நான் அவரைப் பார்த்து வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். சுவரருகே போய், நகத்தால் சுரண்டிச் சுரண்டி நோட்டீஸை உரித்தாள். ஈரத்தில் அது துண்டு துண்டாகத்தான் வந்தது. அவளுடைய தோள் இருந்த ஓரம் மட்டும் சுவரோடு நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து குளித்த பிறகுதான், இத்தனை வருஷம் கேட்காமல் விட்டதைக் கேட்டேன். "அன்னிக்கு ஏம்மா அந்தப் படத்தக் குடுத்தே?"

அம்மா ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே பேசினாள். கீழ்மலைப் பாச்சலூரில் அவளுடைய அப்பா இறந்தபோதும் இதே மாதிரி மழை. செத்த பிறகு அடித்த நோட்டீஸ் மலையேறி வந்து, எங்கள் அப்பா அதைக் கட்டிலிருந்து எடுத்துப் பார்த்து வீட்டுக்கு ஓடிவந்தபோது, அங்கே அடக்கம் முடிந்துபோயிருந்தது. யாருமே போய்ச் சேரவில்லையாம், மகள் உட்பட. அது எனக்குத் தெரியாமல் இல்லை. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

"எங்கப்பாவ நாலு பேரு தூக்கிட்டுப் போனாக, அஞ்சாவது ஆளு இல்ல" என்றாள் அம்மா. "உங்கப்பாவுக்கு அப்படி ஆயிரக்கூடாதுன்னுதான் குடுத்தேன். ஊரே வரணும்னு குடுத்தேன்."

துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, "உங்கப்பா ஒரு வார்த்த கேட்டிருந்தாகன்னா சொல்லியிருப்பேன்" என்றாள்.