தீர்மானப் புத்தகத்தில் என் தங்கை எழுதியது

என் தங்கை எழிலரசி அம்மாவின் சவத்தை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போட்டாள் என்று எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியில் பேசிக்கொள்கிறார்கள். பொய். சண்டை போட்டவன் நான். அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட மறுத்தாள், அவ்வளவுதான். நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன். அதற்குப் பிறகு பேசுகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசட்டும்.

நான் எட்டாவதோடு நின்றவன். படப்பையில் தையல் கடை வைத்திருக்கிறேன். எழிலரசி எனக்கு எட்டு வயது இளையவள். எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். எங்கள் கிறிஸ்தவச் சபையில் அதுவரை ஒரு பெண்ணும் தேறியதில்லை. ரிசல்ட் வந்த பேப்பரில் அவள் நம்பரைச் சுற்றி நான் போட்ட வட்டத்தை இன்றைக்கும் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் கம்பிக் காயில் சுற்றுகிற லைனில் சேர்ந்தாள். அந்த லைனிலேயே ரிஜெக்ட் குறைவு அவளுக்குத்தான் என்று சூப்பர்வைசரே என்னிடம் சொன்னார். மண்ணூரில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை அன்பு, ஜல்லி லாரி டிரைவர். குடிப்பான். கல்யாணத்துக்கு முன்னால் யாரும் சொல்லவில்லை.

எண்பத்தைந்தில் அவள் மணிக்கட்டை முறித்தான். மாவுக்கட்டோடு ஒன்றரை மாதம் லீவு போட்டாள். நான் இரண்டு முறை மண்ணூருக்குப் போய் அவனை அடித்தேன். அடி வாங்கிக்கொண்டு மறுநாளும் குடித்தான். எங்கள் போதகரிடம் சொன்னேன். அவருக்கு ஒன்பது ஊர். எங்கள் ஊருக்கு மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும் வருவார். ஜெபத்தில் வைத்துக்கொள்கிறேன் என்றார். மண்ணூரில் ஓலைக் கொட்டகையில் ஜெபவீடு நடத்திய பாஸ்டர், அன்புவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க அழுதாராம். அன்பு குடியை விட்டான். இன்றுவரை தொடவில்லை. என் கையால் ஆகாதது அந்த ஆளின் கண்ணீரால் ஆனது எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்தது என்று எழுதினால் பொய்.

பிடிக்காததற்கு வேறு காரணமும் வந்தது. 1986 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, எழிலரசி மணிமங்கலம் ஏரியில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். குழந்தையாக இருந்தபோது எங்கள் அப்பா மாசிலாமணி அவளைக் கையில் ஏந்திப் போதகர் முன்னால் நின்று, தலையில் தண்ணீர் தெளிக்கவைத்து வாங்கிய ஞானஸ்நானம் இருந்தது. அது செல்லாது என்று ஜெபவீட்டில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விவரம் தெரிந்து, மனந்திரும்பி, தண்ணீரில் முழுகி எழுந்தவருக்குத்தான் இரட்சிப்பு என்பது அவர்கள் உபதேசம். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தாள். காதில் கம்மல் இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை. முகத்தில் மட்டும் ஒரு தெளிவு. அந்தத் தெளிவைப் பார்த்ததும் எனக்கு எரிந்தது.

அப்பா 1978-ல் செத்தார். இருபத்தாறு வருஷம் கோயில் மணி அடித்தவர். எந்த ஏரியிலும் முழுகாதவர். நான் நேராகக் கேட்டேன்.

"அப்பா இப்ப எங்க கீறாரு, அத்த சொல்லு."

"அது கர்த்தருக்குத்தான் தெரியும்ணா."

"உங்க பாஸ்டருக்கு எல்லாருதும் தெரியுதாமே. அப்பாது மட்டும் தெரியாதா?"

அவள் அழுதாள். பரலோகத்தில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் அவளை வீட்டைவிட்டுப் போகச் சொன்னேன். அம்மா அடுப்பங்கரையில் இருந்து வெளியே வரவில்லை.

அப்போது நான் சபைச் செயலாளர். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னைப் போட்டிருந்தார்கள். அங்கத்தினர் பட்டியல், ஜனன மரணப் பதிவு, தீர்மானப் புத்தகம், கல்லறைத் தோட்டத்துச் சாவி எல்லாம் என்னிடம். நவம்பர் முதல் ஞாயிறு கமிட்டியில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். மறுஞானஸ்நானம் எடுத்தவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும், அவருக்குச் சபைக் கல்லறையில் இடமில்லை. தலைவர் முனிரத்தினம் பெரியப்பா வழிமொழிந்தார். ஏழு பேரும் கை தூக்கினார்கள். எங்கள் சபையில் அந்தத் தீர்மானத்துக்குள் வரக்கூடியவள் ஒருத்திதான் என்று ஏழு பேருக்கும் தெரியும். ஸ்கேல் வைத்து, சிவப்பு மையால், என் தங்கை பெயரை நானே அடித்தேன். கோடு ஒரு இடத்திலும் வளையவில்லை.

ஐந்து வருஷம் அவளோடு பேச்சு இல்லை. அம்மா மட்டும் போவாள், வருவாள். அங்கே நடப்பதை இங்கே சொல்லமாட்டாள்.

இந்த வருஷம் அம்மாவுக்குச் சர்க்கரை முற்றி, இடது காலில் புண் வந்தது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து ரோடெல்லாம் போலீசாக இருந்த நாட்களில்கூட எழிலரசி ஷிப்ட் முடிந்து, கிடைத்த வண்டியில் ஏறி, புண்ணைக் கட்ட வந்தாள். நான் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து வருவாள். மாதக் கடைசியில் அம்மாவைத் தன்னோடு மண்ணூருக்கே அழைத்துக்கொண்டு போனாள். ஜூன் 16-ம் தேதி அம்மாவுக்கு அங்கே முழுக்கு கொடுத்துவிட்டார்கள். ஜெபவீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி கட்டியிருக்கிறார்கள். புண்ணைச் சுற்றிப் பாலிதீன் கட்டி, இரும்பு நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி இறக்கினார்களாம்.

கேள்விப்பட்ட அன்றே மண்ணூர் போனேன். உள்ளே போகவில்லை. எழிலரசி கொண்டுவந்து வைத்த காபி ஆறி ஏடு படிந்தது. அம்மா திண்ணைக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அம்மா பிறந்தது இந்துக் குடும்பம். அப்பாவைக் கட்டும்போதுதான் ஞானஸ்நானம் எடுத்து ஞானம்மா ஆனாள். முனியம்மாள் என்பது பழைய பெயர்.

"உன்ன ஏமாத்தி முழுக்காட்டினாங்களா?" என்று கேட்டேன்.

"என்ன எவன்டா ஏமாத்துவான்? நான்தான் கேட்டேன். நான் கெட்டுப்போயிடுவேன்னு அந்தப் பொண்ணு டெய்லி முட்டி போட்டு அழுவுது. உங்கப்பனுக்காக ஒரு தபா தெளிச்சிக்கினேன். பொண்ணுக்காக ஒரு தபா முழுகினேன். கர்த்தருக்குப் புரியாதா?"

"கமிட்டிக்குப் புரியாதும்மா."

"உன் கமிட்டிய நீ பாத்துக்க. செத்தா என்ன அவரு பக்கத்துல வைடா. எடம் வுட்டுத்தான வச்சிக்கிற."

விட்டுத்தான் வைத்திருந்தேன். அப்பா கல்லறைக்கு இடப்பக்கம், ஆறரை அடிக்கு மூன்றடி. இன்ச் டேப் வைத்து அளந்து, நான்கு பக்கமும் செங்கல் பதித்து, பதின்மூன்று வருஷமாக வேறு யாரையும் வைக்கவிடாமல் காத்த இடம். அம்மா என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அன்பு லாரியோடு வந்து என் வாசலில் நின்றான். விடியும்போது அம்மா போய்விட்டாள் என்றான். ஜெபவீட்டார் மண்ணூரிலேயே எடுத்துவிடலாம் என்று சொன்னார்களாம். எழிலரசிதான் அம்மா கேட்டது அப்பா பக்கம், அண்ணன் வீட்டுக்குத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டாளாம். பத்து மணிக்கு அம்மா எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தாள். நான் மணி அடிக்கக் கிளம்பினேன். வயசுக்கு ஒன்றாக அறுபத்து நான்கு அடி. முனிரத்தினம் பெரியப்பா கோயில் கதவிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். அம்மா முழுகிய செய்தி அவருக்கும் எட்டியிருந்தது.

கமிட்டி கூடியது. அவர் தீர்மானப் புத்தகத்தை விரித்து, 1986-ஐ எடுத்து, என் கையெழுத்தை எனக்கே படித்துக் காட்டினார். எழுத்து அழகு யாக்கோபு, அச்சடிச்ச மாதிரி கீது என்றார். சிலர் சிரித்தார்கள். என் அம்மா வெயில் ஏறஏற வீட்டில் கிடக்கிறாள். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். அம்மா நோயினால் புத்தி தெளிவில்லாத நிலையில் இருந்தபோது மறுஞானஸ்நானம் நடந்தது, ஆகவே அது செல்லாது என்று மகள் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம்.

கடிதத்தை நான்தான் எழுதினேன். மார்ஜின் விட்டு, தேதி போட்டு, ஒரு அடித்தல் இல்லாமல் எழுதினேன். கூடத்துக்கு எடுத்துப் போய், அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்த எழிலரசியிடம் நீட்டினேன். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவள் கையில் நான் கொடுத்தது அதுதான். இரண்டு முறை படித்தாள்.

"அம்மா தெளிவாத்தான் இருந்தாங்கண்ணா. கடைசி வரைக்கும்."

"எனக்குத் தெரியும். போடு."

"தெரிஞ்சேதான் எழுதினியா?"

அவளுக்காகத்தான் அம்மா முழுகினாள், அவளால்தான் இந்த நிலை, ஒரு கையெழுத்தில் என்ன குறைந்துவிடும் என்று கத்தினேன். அப்பாவை நரகத்துக்கு அனுப்பியது போதாதா, அம்மாவைத் தெருவில் போடப் பார்க்கிறாயா என்றும் கேட்டேன். வாசலில் நின்றவர்கள் கேட்டது என் குரலைத்தான். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"அம்மா உன்கிட்ட கேட்டது எடம். பைத்தியம்னு எழுதுன்னு கேக்கல. நான் போடமாட்டேன். கமிட்டிக்காரங்களும் நீயும் பேசி, தீர்மானத்த எடுத்துடுங்க. நீதான கொண்டாந்த."

தீர்மானத்தை எடுக்க வேண்டும் என்றால் நான் எழுந்து, நான் கொண்டுவந்தது தப்பு என்று ஏழு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அது என்னால் முடியவில்லை. கோயிலுக்குத் திரும்பிப் போனேன். மூத்த மகன் போட்டாலும் போதும் என்றார் பெரியப்பா. அந்த மேசையிலேயே கையெழுத்துப் போட்டேன். கடிதத்தைத் தீர்மானப் புத்தகத்தில் வரி பிசகாமல் எடுத்து எழுதி, அதன் கீழும் கையெழுத்துப் போட்டேன். பிறகு அறுபத்து நான்கு அடித்தேன். நாலு மணிக்கு அம்மா, செங்கல் பதித்த இடத்தில் அளவாகப் பொருந்தினாள். எழிலரசி மூன்று பிடி மண் போட்டாள். என்னைப் பார்க்காமல் லாரியில் ஏறிப் போனாள்.

அடுத்த புதன்கிழமை, ஷிப்ட் முடிந்து, கம்பெனிச் சட்டையோடு நேராக என் கடைக்கு வந்தாள். தீர்மானப் புத்தகம் கடையில்தான் இருந்தது. அதைக் கேட்டாள். காட்டமாட்டேன் என்றேன். அது அவள் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிற புத்தகம் என்றாள். எடுத்துப் போட்டேன். பக்கத்தைக் கண்டுபிடித்துப் படித்தாள். கட்டிங் டேபிளில் கிடந்த என் பேனாவை எடுத்து, என் கையெழுத்துக்குக் கீழே எழுதினாள்:

"இது பொய். அம்மா தெளிவாக இருந்தார்கள். மகள் மா. எழிலரசி. 28.8.91."

அங்கத்தினர் அல்லாதவர் அந்தப் புத்தகத்தில் ஒரு புள்ளிகூட வைக்கக்கூடாது. அதைத்தான் கத்தினேன். வெளியே போடி என்றும் சொன்னேன். அவள் பேனாவை மூடி, இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவள் எழுத்தும் என் எழுத்தும் ஒரே மாதிரி. சின்ன வயதில் ஸ்லேட்டில் கை பிடித்து எழுதவைத்தவன் நான்தான்.

செப்டம்பர் முதல் ஞாயிறு கமிட்டி. போன கூட்டத்தின் குறிப்பைச் செயலாளர் வாசிக்க வேண்டும் என்பது விதி. பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் வாசித்தேன். கடைசி வரியையும், தேதியையும் சேர்த்து.

"சபையில இல்லாதவ எழுதினத இன்னாத்துக்குப் படிக்கிற?" என்றார் பெரியப்பா.

"புஸ்தகத்துல கீது. படிச்சேன்."

"அடிச்சிடு அத்த."

ஸ்கேலும் சிவப்பு மையும் கொண்டுபோயிருந்தேன். கோடு போட்டேன். அவள் வரியில் இல்லை, என் கடிதத்தில். முதல் எழுத்திலிருந்து என் கையெழுத்து வரைக்கும் பதினொரு வரி, பதினொரு கோடு. ஓரத்தில் 'தவறு' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன்.

அப்படியானால் அந்த அடக்கம் செல்லாது, தெரியுமா என்றார் பெரியப்பா. தெரியும் என்றேன்.

"தோண்டி எடுக்கறதுன்னா எடுங்க பெரியப்பா. சாவி இதோ. மம்பட்டி என் வூட்ல கீது, ஆளு அனுப்புங்க, குடுக்கறேன்."

புத்தகத்தின் மேல் சாவியை வைத்துவிட்டு வந்தேன். யாரும் தோண்டவில்லை. மம்பட்டி கேட்டும் ஆள் வரவில்லை. செயலாளர் வேலையை இப்போது பெரியப்பாவின் மகன் பார்க்கிறான். அவன் எழுத்தை அவனாலேயே படிக்க முடியாது. 1986 தீர்மானம் அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம் அன்பு ஒரு பேண்ட்டைக் கொண்டுவந்தான், கீழே மடித்துத் தைக்க. மண்ணூரில் தையல் கடை இல்லாமல் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"மச்சான், கமிட்டில நீ பண்ணது அவ காதுக்கு வந்துடுச்சி. வூட்டுக்கு வருவியான்னு பாத்துக்கினு கீறா. வாயத் தொறந்து கேக்கமாட்டா."

"எங்க அப்பா எங்கன்னு அவ பதில் சொல்லட்டும் மாப்ள. அன்னிக்கு வர்றேன்."

"அவளுக்குத் தெரியாது மச்சான். தெரியாதத தெரியும்னு சொல்லமாட்டா. அதுக்குத்தான அம்மா விசயத்துல அம்மாந்தூரம் நின்னா. சரி, உனக்குத் தெரியுமா அப்பா எங்கன்னு?"

எனக்குக் கோபம் வந்தது. பேண்ட்டின் கீழ் மடிப்பை அளந்து, சாக்பீஸால் குறித்து, மிஷினில் வைத்தேன். ஒரு கால் தைத்து முடித்தேன். அடுத்த காலும் தைத்தேன். அவன் எழுந்திருக்கவில்லை. பதில் கேட்டுத்தான் உட்கார்ந்திருந்தான்.