இறால் கொட்டகையில் ஒற்றைக்கண் தளபதி

அந்தக் காலத்தில் எதைத்தான் நம்பி வாங்க முடிந்தது? பாலில் தண்ணீர், ரேஷன் அரிசியில் கல், மிளகாய்த்தூளில் செங்கல்பொடி. ராயபுரத்தில் குடித்தனம் நடத்துகிறவள் எதையும் முகர்ந்து பார்த்துத்தான் வீட்டுக்குள் விடுவாள். நான் இரண்டு தடவை முகர்வேன். நான் மாதா கோயில் பூசைக்குப் போனால் சாமியார் கொடுக்கிற அப்பத்தைக்கூடத் திருப்பிப் பார்ப்பேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அப்படிப்பட்ட என்னிடமே ஒரு ராஜா ராணிக் கதையில் கலப்படம் செய்து விற்கப் பார்த்தார்கள்.

அப்போது நான் காசிமேட்டுப் பக்கம் ஒரு இறால் கொட்டகையில் வேலை செய்தேன். படகு இறாலை ஐஸோடு கொண்டுவந்து கொட்டுவார்கள். எதிரும் புதிருமாகப் பலகை போட்டு உட்கார்ந்து தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, நரம்பை இழுத்துத் தட்டில் போட வேண்டும். தட்டு நிறைந்தால் எடை, எடைக்குக் கூலி. இறால் நம் வயிற்றுக்குச் சோறு போடும், ஆனால் கையைத் தின்றுவிடும். புண் ஆற, படிகாரத் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்ப்போம். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது.

என் பக்கத்தில் உட்காரும் அக்காவுக்குக் கேட்கவில்லை. விரல் இடுக்கெல்லாம் வெந்து, நகத்தோரம் சதை தெரிந்தது. சரக்கு வெளிநாட்டுக்குப் போவது, புண் கை படக்கூடாது என்று சூப்பர்வைசர் அவளை எழுந்து போகச் சொன்னார். அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை சரிந்து கால் நசுங்கி வீட்டில் படுத்திருந்தார். அந்த வீட்டில் உலை கொதிப்பதே இவள் கூலியில்தான். அவளுக்கு எழுத்து சரளமாக வரும். ஒரு வாரப் பத்திரிகையில் வந்த மாயாஜாலத் தொடர்கதையை ஏற்கெனவே எங்களுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிக்கட்டும், அவள் தட்டை நாங்கள் ஆளுக்கு ஒரு பிடி போட்டு நிரப்புகிறோம் என்று எல்லோரும் சேர்ந்து கேட்டோம். அதற்குக் கதைப்பிடி என்று பேர் வைத்தோம். சூப்பர்வைசர் கொச்சிப் பக்கத்து ஆள். தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது. அவரும் அந்தக் கதைக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தவர்தான். இந்தக் கதை முடிகிற வரைக்கும் இருக்கலாம், முடிந்த அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

கதை இதுதான். பட்டத்துக்கு வரவேண்டிய ராஜகுமாரியின் நிழலை யாரோ திருடிவிட்டார்கள். நிழல் இல்லாதவள் சிம்மாசனத்தில் உட்காரக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். யார் திருடியது? கொட்டகை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. எதிர்ப்பலகைக்காரி சின்ன ராணிதான் என்று அடித்துச் சொன்னாள். அவளே சக்களத்தியோடு ஒரே வீட்டில் குடித்தனம் செய்கிறவள். இளைய தாரத்தின் புத்தி தனக்குத்தான் தெரியும் என்பாள். ஒற்றைக்கண் தளபதிதான் என்று சிலர் சொன்னார்கள். குகையில் இருக்கும் முனிவர்மேல் ஒருத்திக்குச் சந்தேகம், தாடி வைத்தவனையே நம்ப மாட்டாளாம். என் கணக்கு வேறு. ராஜகுமாரிக்கு ஒரு தோழி இருந்தாள். வாயைத் திறக்காத பெண், ராத்திரியில் விளக்கு பிடித்துக்கொண்டு கூடவே நடப்பாள். விளக்கு யார் கையில் இருக்கிறதோ அவள் கையில்தானே நிழலும் இருக்கிறது? இதை நான் சொன்னபோது கொட்டகையே கப்சிப் என்றாகிவிட்டது. ஆனாலும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. வேலை முடிந்து கல்மண்டபம் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே நடப்போம்.

வெள்ளிக்கிழமை வரும் இரண்டு பக்கத்தை வைத்துக்கொண்டுதான் அக்கா வாரம் பூராவும் படிப்பாள். முதலில் சனிக்கிழமையே தீர்ந்துவிடும், மிச்ச நாளெல்லாம் பழசையே மறுபடி படிப்பாள். பிறகு பார்த்தால் புதன், வியாழன் வரைக்கும் புதுசாகவே வந்தது. மாயக் குதிரை வந்தது, பேசுகிற கிணறு வந்தது. இரண்டு பக்கத்துக்குள் இவ்வளவு எப்படி அடங்கும்? நான் இறாலைப் பார்க்காமல் அவள் விரலைப் பார்க்க ஆரம்பித்தேன். பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு நாள் தளபதிக்கு வலது கண் இல்லை என்று படித்தாள். எனக்குச் சுருக்கென்றது. போன மாதம் பூராவும் இடது கண்தான் இல்லாமல் இருந்தது. நிறுத்திக் கேட்டேன். அச்சுக்கோத்தவன் தப்பாகப் போட்டிருப்பான் என்றாள். நான் விடுவதாக இல்லை. ஆனால் எதிர்ப்பலகைக்காரி குறுக்கே விழுந்தாள்.

"தப்பு இன்னாமே தப்பு? தளபதி ரெண்டு பேரு கீறானுங்க. ரெட்டப்புள்ள. ஒத்தனுக்கு இந்தக் கண்ணு, ஒத்தனுக்கு அந்தக் கண்ணு."

கொட்டகையே ஆமாம் ஆமாம் என்றது. அதனால்தான் அவன் ஒரே ராத்திரியில் கோட்டையிலும் குகையிலும் இருந்தானாம். எதற்கும் சிரிக்காத சூப்பர்வைசர்கூடத் தராசை விட்டுவிட்டுத் தலையாட்டினார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா படித்தாள். தளபதிக்கு ஒரு இரட்டைச் சகோதரன் இருந்தான்.

எல்லோரும் எதிர்ப்பலகைக்காரியின் புத்தியைப் புகழ்ந்தார்கள். கொட்டகையில் பேசியது பத்திரிகைக்கு எப்படிப் போகும்? எங்களில் யாரோ எழுத்தாளருக்கு ஒற்று சொல்கிறார்களோ என்றுகூட ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அன்றைக்குச் சாயங்காலமே ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடைக்குப் போனேன். வாங்குகிற மாதிரி அந்த வாரத்து இதழை எடுத்துப் புரட்டினேன். கடைக்காரர் முறைத்தார். நிழலும் இல்லை, தளபதியும் இல்லை. அந்த இடத்தில் ஏதோ குடும்பக் கதை இரண்டாவது வாரமாக ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் கை கழுவுகிற குழாயடியில் அக்காவைத் தனியாகப் பிடித்தேன். எனக்கு நல்ல கோபம். கதை முடிந்துபோனது தெரியும் என்றேன். அவள் மறுக்கவில்லை. புண் கையைப் புடவைத் தலைப்பில் ஒற்றிக்கொண்டே நின்றாள்.

"பேப்பர்ல முடிஞ்சிச்சி. என் வூட்ல முடியலியே," என்றாள்.

அதற்கு மேல் என்ன கேட்பது? இருந்தாலும் மனசு கேட்கவில்லை. நிஜக் கதையில் திருடியது யார், அதையாவது சொல் என்றேன். சொன்னால் நீ வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டாய் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அப்படியென்றால் தோழிதான். நான் ஜெயித்திருக்கிறேன், ஜெயித்ததை வெளியே சொல்ல முடியாது. அந்த வாரம் எனக்குச் சோறே இறங்கவில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, அக்கா வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர் வந்தார். கையில் அதே பத்திரிகை, அந்த வாரத்துப் புது இதழ். ஆபீஸ் கிளார்க் வீட்டில் கதை எப்போதோ முடிந்துவிட்டது என்கிறார்களாம், இவள் எதைப் படிக்கிறாள் என்று கேட்டார். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் பத்திரிகையை ஒரு பக்கத்தில் பிரித்து என்னிடம் நீட்டினார்.

"நீ படி. நீ ஆரையும் நம்பாத ஆளு. நீ பொய் சொல்ல மாட்டே."

நான் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள், அது அவருக்குத் தெரியும். கையை ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். மாவடு ஊறுகாய் செய்முறை. கடுகுப்பொடி, விளக்கெண்ணெய், கல்லுப்பு. கண் கடுகில் இருந்தது, வாய் கோட்டைக்குள் போனது. இடது கண் இல்லாத தளபதி வலது கண் இல்லாத தம்பியைச் சுரங்கத்தில் சந்தித்தான் என்று படித்தேன். அங்கே விளக்கோடு ஒரு பெண் வந்தாள் என்றேன். ராஜகுமாரியின் நிழல் அவள் இடுப்பில் மடித்துச் செருகியிருந்தது. சந்து கிடைத்தால் விடுவேனா? தோழியைத் திருடியாக்கிவிட்டுத்தான் நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. திருடி அகப்பட்டால் கதை முடிந்ததென்று அர்த்தம். அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

சூப்பர்வைசர் பத்திரிகையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவருக்கு எழுத்து தெரியாதுதான். படம் பார்க்க எழுத்து எதற்கு? அந்தப் பக்கத்தில் தளபதியா இருந்தான்? ஒரு அம்மாள் ஊறுகாய் ஜாடியை அணைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு அக்காவின் கையைப் பார்த்தார். எடையைக் குறைக்கத் தராசில் விரல் வைக்கிறாரோ என்று நாங்கள் அத்தனை பேரும் தினமும் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தோமே, அந்த மனுஷன்.

"தோழி அல்ல திருடி," என்றார் கடைசியில். "வேற ஆரோ சதி பண்ணி அவ இடுப்புல வெச்சுட்டான். அது ஆருன்னு தெரியணும். கதை முடியலே அல்லே? படிக்கட்டும்."

பத்திரிகையை அக்கா மடியில் வைத்துவிட்டுத் தராசுப் பக்கம் போய்விட்டார்.