கெனியா கேட்டு வாங்கிய இடம்

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். போலந்து மலைநாட்டிலிருந்து சிகாகோவுக்கு வந்து இறங்கியபோது என்னிடம் இருந்த ஒரே சொத்து ஒரு சுத்தியல். இன்று ஆர்ச்சர் சாலையில் நடந்து போனால் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டின் கூரை நான் போட்டது. ஒன்றாவது ஒழுகுகிறதா என்று போய்ப் பாருங்கள். அப்படிப்பட்ட இந்த ப்ரோனெக் யாரையும் லேசில் பெரிய ஆள் என்று ஒப்புக்கொள்ள மாட்டான். ஒருத்தியை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அவள் பெயர் கெனியா.

என் வீட்டு நிலவறையில்தான் அவள் குடியிருக்கிறாள். வந்த புதிதில் ஹங்கா என்ற தோழியும் கூட இருந்தாள். இரண்டு பேருக்கும் நகரத்தின் நடுவே உள்ள உயரமான கட்டடங்களில் தரை துடைக்கும் வேலை. முதல் குளிர்காலத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு தடித்த கோட்டுதான். ஒருத்தி வேலை முடிந்து வந்து அதைக் கழற்றினால்தான் மற்றவள் மாட்டிக்கொண்டு வெளியே கிளம்ப முடியும். ஹங்காவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கிங்கா என்று பெயர் வைத்தார்கள். ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் கெனியாதான். புருஷன் ஓடிப்போனான்; பிறகு ஹங்காவும் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். கிங்காவைப் படிக்க வைத்து ஆளாக்கியது கெனியா.

இத்தனையும் செய்தவள் யாரிடமும் வாய் திறந்து ஒன்று கேட்டதில்லை. ஒருமுறை நிலவறையில் குழாய் வெடித்துவிட்டது. மேலே நான் இருக்கிறேன், வீட்டுக்காரன், குழாய் வேலையும் தெரிந்தவன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாளி வாளியாக மொண்டு ஊற்றியிருக்கிறாள். தண்ணீர் சத்தம் கேட்டு நானாக இறங்கிப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கிங்கா வேலைக்காக டென்வர் போனாள், அங்கேயே ஒரு அமெரிக்கப் பையனைப் பார்த்துக்கொண்டாள். சனிக்கிழமை நாலு மணிக்கு அங்கே மாதா கோயிலில் கல்யாணம். எங்கள் வழக்கத்தில் கல்யாணம் கோயிலில் தொடங்குவதில்லை. வீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் முழந்தாளிட வேண்டும். தாய் தீர்த்தம் தெளித்து, நெற்றியில் சிலுவை இட்டு ஆசி சொன்ன பிறகுதான் அவர்கள் வாசலைத் தாண்டலாம். தாய் இல்லாத பெண்ணுக்கு ஞானத்தாய். கிங்காவுக்கு இந்த உலகத்தில் அதைச் செய்ய கெனியாவை விட்டால் ஆள் கிடையாது. "நீங்க வராம நான் கிளம்ப மாட்டேன் சியோச்சா" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தாளாம். அத்தையை எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும்.

கெனியா வாங்கி வைத்திருந்ததோ இருப்பதிலேயே மலிவான சீட்டு. மாற்ற முடியாது, வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க முடியாது, உட்காரும் இடத்தைக்கூட நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அதுவும் சனிக்கிழமை காலை. ஒரு நாள் முன்னதாகப் போனால் என்ன என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை லீவு வேண்டுமென்றால் மேஸ்திரியிடம் போய்க் கேட்க வேண்டுமே என்றாள்.

ஓஹேர் விமான நிலையத்துக்கு என் பிக்கப் வண்டியில்தான் அழைத்துப் போனேன். கையில் ஒரே பை. அதில் தீர்த்தம் அடைத்த சின்னக் குப்பி, புகையில் வாட்டிய ஆட்டுப்பால் சீஸ், ஒரு நல்ல உடுப்பு. உள்ளே போனால், விமானத்தில் ஏதோ கோளாறு, ரத்து என்கிறார்கள். சாயங்கால விமானத்தில் இடம் போட்டுத் தந்தார்கள். அது போய் இறங்கும்போது கல்யாண விருந்தில் தட்டு கழுவிக்கொண்டிருப்பார்கள்.

நான் சத்தம் போட்டேன். கூரையிலிருந்து கூப்பிட்டால் தெருமுனையில் கேட்கும் குரல் என்னுடையது. கவுண்டரில் இருந்த பெண் அசையவில்லை. பகலில் இங்கிருந்து டென்வர் போகும் எல்லா விமானமும் நிரம்பிவிட்டது, எந்த விலைக்கும் சீட்டு இல்லை என்றாள். கெனியா என் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாள். பிறகு அந்தப் பெண்ணிடம் மெல்லக் கேட்டாள், "நம்ம ஊர் இன்னொரு ஏர்போர்ட், மிட்வேலேர்ந்தும் உங்க விமானம் போகுதில்ல? அதுல இடம் மிஞ்சுமான்னு நான் காத்து நிக்கலாமா?"

அந்தப் பெண் திரையைத் தட்டிப் பார்த்தாள். இந்தச் சீட்டுக்கு மாற்றம் கிடையாது. ஆனால் இன்றைக்கே, இதே ஊருக்கு என்றால், காலி இடத்துக்குக் காத்திருக்கலாம். இரண்டு விமான நிலையத்தையும் நாங்கள் ஒரே ஊராகத்தான் கணக்கு வைக்கிறோம். பட்டியலில் பெயரைச் சேர்க்கிறேன். மலிவுச் சீட்டு என்பதால் பெயர் கடைசியில்தான் நிற்கும், கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கிடைக்காவிட்டால் சாயங்கால இடம் உங்களுக்கு இருக்கிறது. இவ்வளவும் சொன்னாள்.

ஓஹேரிலிருந்து மிட்வேக்கு என்னைப் போல் வண்டி ஓட்ட இந்த ஊரில் ஆள் கிடையாது. நெடுஞ்சாலையை விட்டுவிட்டு உள்தெருக்களில் புகுந்து கொண்டுபோய்ச் சேர்த்தேன். சீட்டு இல்லாதவனை உள்ளே விட மாட்டார்கள். அதனால் வண்டிகள் காத்திருக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, கொண்டுவந்த சாசேஜைத் தின்றுகொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து அவள் கூப்பிட்டாள்.

"என் பேரைக் கூப்பிட்டாங்கண்ணே."

"அப்பாடா. ஏறிட்டியா?"

"இல்ல. வேணாம்னு சொல்லிட்டேன்."

எனக்கு வாயில் இருந்தது இறங்கவில்லை. நடந்தது இதுதான். அந்த விமானத்தில் ஒரு இடம் மிஞ்சியிருக்கிறது. இவளுக்கு மேலே பட்டியலில் யாரும் இல்லை. வாயிலில் நின்ற பெண் இவளைக் கூப்பிட்டு, கடைசி வரிசை, நடு இருக்கை, பரவாயில்லையா, வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள். இவள் சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும்மா, எனக்கெதுக்கு, வேற யாராச்சும் அவசரமா போறவங்களுக்குக் குடுங்க" என்றிருக்கிறாள்.

எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்தால் புரிந்துகொள்வீர்கள். பியெரோகி தட்டை நீட்டினால் முதல் தரம் வேண்டாம் என்போம். இரண்டாம் தரமும் வேண்டாம்தான். மூன்றாம் தரம் தட்டைப் பிடுங்கி வைத்தால் பத்துக் கொழுக்கட்டை சாப்பிடுவோம். முதல் தரமே வாங்குகிறவன் பேராசைக்காரன், ஒரே தரம் கேட்டுவிட்டு விடுகிறவள் கஞ்சப் பிசினாறி. கெனியா அந்தப் பெண் இன்னொரு தரம் கேட்பாள் என்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருக்கிறாள். அந்தப் பெண்ணோ, "ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு" என்று நன்றி சொல்லிவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். இவளைப் போலவே மலிவுச் சீட்டு வைத்திருந்த ஒருவன், கோல்ஃப் தொப்பியோடு துள்ளிக்கொண்டு ஏறினான். கதவை மூடிவிட்டார்கள்.

"ஏண்டி, இது என்ன உன் சித்தி வீட்டு விருந்தா?" என்றேன். "அமெரிக்காக்காரி ஒரு வாட்டிதான் கேப்பா. முப்பது வருஷமா இந்த ஊர்ல என்னத்தப் பாத்த?"

 அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"திட்டி முடிச்சிட்டீங்களா?" என்றாள். "மத்தியானம் இன்னொண்ணு இருக்காம். அதுல போனா சரியாப் போயிடும். அத விட்டா சாயங்காலந்தான்."

அதன் பிறகு நடந்ததைத் திங்கட்கிழமை என் சமையலறையில் உட்கார்ந்து அவளே சொன்னாள். மத்தியான விமானத்துக்கு வேறு ஊர்களில் இணைப்பைத் தவறவிட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள். எல்லாரும் முழு விலை கொடுத்தவர்கள், அதனால் பட்டியலில் இவளுக்கு மேலே ஏறிக்கொண்டார்கள். முதலில் ஒரு கிழவர், பிறகு ஒரு புருஷன் பெண்டாட்டி, பிறகு ஆஸ்பத்திரி உடுப்பிலேயே இருந்த ஒரு நர்ஸ். கடைசியில் கெனியா.

கெனியா எழுந்தாள். குழாய் வெடித்ததைச் சொல்லாதவள், லீவு கேட்காதவள், ஒவ்வொருத்தர் முன்னாலும் போய் நின்றாள். தாயில்லாத ஒரு பெண் நாலு மணிக்குக் கோயிலுக்குப் போக வேண்டும், நான் போய் நெற்றியில் சிலுவை இடாமல் அவள் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டாள், உங்கள் முறை வரும்போது எனக்கு விட்டுக்கொடுப்பீர்களா என்று கேட்டாள்.  நாலு மாடிக் கட்டடத்தில் வெளிப்பக்கம் ஜன்னல் துடைத்தபோதுகூட அப்படிப் பயந்ததில்லையாம்.

கிழவர் முடியாது என்றார். நானும் காலையிலிருந்து அலைகிறேன் என்றார். "நியாயந்தாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவர்களிடம் போனாள். புருஷனும் பெண்டாட்டியும், எங்களுக்கு இரண்டு இடம் வேண்டும், ஒன்றுதான் வந்தால் நாங்கள் ஏற மாட்டோம் என்றார்கள்.  நர்ஸ் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்; தூங்கிவிட்டாளோ என்றுகூட கெனியாவுக்குச் சந்தேகம்.

கடைசியில் இரண்டு இடம் மிஞ்சியது. கிழவர் ஒன்றில் ஏறினார். மீதி ஒன்று. தம்பதி தலையாட்டி ஒதுங்கினார்கள். நர்ஸின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போய் வாயிலில் நின்ற பெண்ணிடம் ஏதோ சொல்லிவிட்டு, இவள் பக்கம் திரும்பினாள்.

"நான் வீட்டுக்குப் போய்த் தூங்கத்தான் போறேன். அதை ராத்திரியும் தூங்கலாம். நீங்க போறீங்களா?"

"போறேன்" என்றாள் கெனியா.

அவ்வளவுதான். இரண்டாம் தரம் கேட்க விடவில்லை. அந்த நர்ஸின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு ஊரையே கூரை போட்டு மூடியவன் நான். முன்பின் தெரியாத நாலு பேர் முன்னால் போய் எனக்கு வழி விடுங்கள் என்று கேட்கச் சொன்னால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெருமையை அவளுக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

டென்வரில் கிங்கா வெள்ளை உடுப்போடு வாசலுக்கு உள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாளாம். பாதிரியார் இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை கார்ட்டருக்கு முழந்தாளிடத் தெரியவில்லை, ஒரு காலை மட்டும் மடக்கினான். "ரெண்டையும் மடக்குப்பா, உனக்கும் சேத்துத்தான்" என்றாளாம் கெனியா. தீர்த்தம் தெளித்தாள், இரண்டு நெற்றியிலும் சிலுவை இட்டாள். கதவோரம் மாப்பிள்ளையின் தாய் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தாள். கெனியா அவள் கையிலும் குப்பியைக் கொடுத்து, உங்கள் பிள்ளைக்கு நீங்களும் தெளியுங்கள் என்றாள்.

கோயில் போய்ச் சேரத் தாமதம்தான். பாதிரியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். முன் வரிசையில் பெண்ணின் தாய்க்கென்று ஒரு இடம் காலியாகக் கிடந்தது. வாருங்கள், உட்காருங்கள் என்று கெனியாவை யாரும் உபசரிக்கவில்லை. அவளே நேரே போய் அதில் உட்கார்ந்தாள்.