அரியலூர் நோட்டீசுக்கு ஓஹையோவில் ஒரு பிளாஸ்டிக் உறை

இங்கே ஓஹையோவில் என்னோடு வேலை பார்க்கும் வால்ட் மதியம் சாப்பிட்ட கையைப் பேண்டில் துடைத்துக்கொள்கிறவர். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை என்னைத் தன் வீட்டுக்கு அழைத்து, பேஸ்மெண்டுக்குக் கூட்டிப்போய், சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவித் துண்டில் ஒற்றிக்கொண்டு, என்னையும் கழுவச் சொன்னார். ஏதோ பூஜை போலிருக்கிறது என்று நினைத்தேன். அலமாரியைத் திறந்து அவர் எடுத்தது வீடியோ கேம் கேட்டலாக். மெஷினில் செருகி டிவியில் ஆடுகிற கேட்ரிட்ஜ் வாங்கினால் பெட்டிக்குள்ளேயே ஒரு மடிப்புத்தாள் வைத்திருப்பார்கள், எங்களிடம் இன்னும் இன்னின்ன விளையாட்டுகள் உண்டு என்று. வாங்கியவர்கள் அதைப் பிரித்துப் பார்க்காமலேயே குப்பையில் போடுவார்கள். அந்தத் தாள்கள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை.

இந்த எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கே அந்த விளையாட்டுகளுக்குப் பைத்தியம் பிடித்து அலைந்தார்கள். பிறகு ஒரே வருடத்தில் சலித்துப்போய்க் கடை கடையாகக் குப்பைத்தொட்டியில் கொட்டினார்கள். வால்ட் அந்தத் தொட்டிகளுக்குள் இறங்கிப் பொறுக்கியிருக்கிறார். டிவியில் எடுத்த மதிப்பெண்ணைப் போட்டோ பிடித்து அனுப்பியவர்களுக்குக் கம்பெனி கொடுத்த துணிப் பட்டைகள், சட்டையில் குத்தும் பேட்ஜுகள், கடை வாசலில் நின்ற அட்டை விண்வெளி வீரன் என்று எல்லாம் அங்கே இருந்தன. நம் ஊரில் குப்பை பொறுக்குகிறவனைத் தெருவுக்குள் விடமாட்டார்கள். இங்கே அவருக்குப் பெயர் கலெக்டர்.

ஒரே மாதிரி இருந்த இரண்டு கேட்டலாக்குகளைக் காட்டி, எது ஒசத்தி என்று கண்டுபிடிக்கச் சொன்னார். எனக்குத் தெரியவில்லை. ஒன்றின் கடைசிப் பக்கத்தில் 'விரைவில் வருகிறது' என்று ஒரு விளையாட்டின் படம் இருந்தது. அது கடைசிவரை வரவேயில்லையாம். அதனால்தான் அதற்கு மதிப்பு. பெரம்பலூர்க்காரர்கள் சிரிப்பார்கள். பெரம்பலூருக்கு ரயில் வருகிறது என்று சொல்லாமல் அங்கே எந்தத் தேர்தலாவது நடந்திருக்கிறதா? அந்த நோட்டீசுகளுக்கெல்லாம் உறை போட்டு வைத்திருந்தால் வால்ட் நம் காலில் விழுந்திருப்பார்.

"உங்கள் நாட்டில் இதெல்லாம் உண்டா?" என்று கேட்டார். என் தம்பி அரியலூரில் வீடியோ கேம் கடை வைத்திருக்கிறான் என்றேன்.

"அரியலூரா? அந்தக் கம்பெனியை நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்று நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். கம்பெனி இல்லை, ஊர் என்று சொல்லிப் பார்த்தேன். லீவில் போகும்போது அந்தக் கம்பெனியின் தாள் ஏதாவது கிடைத்தால் கொண்டுவரச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

தம்பி செல்வராசு சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவன். மற்றவர்கள் தங்கச் சங்கிலியும் சென்ட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவன் ஒரு கலர் டிவியும், விளையாட்டு மெஷினும், ஒரு பை நிறைய கேட்ரிட்ஜும் கொண்டுவந்தான். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சிமெண்ட் லாரிகளின் தூசி படிந்த ஒரு ஷட்டர் கடையைப் பிடித்து, காசு வாங்கிக்கொண்டு ஆடவிடப் பாய் விரித்துவிட்டான். நான் லீவில் போனபோது கடை ஓஹோ என்று நடந்துகொண்டிருந்தது.

காதுகுத்துக்கும் கருமாதிக்கும் அடித்துத் தருகிற அச்சகத்தில் நோட்டீஸ் போட்டிருந்தான். விண்கலப் படத்துக்கு அங்கே அச்சு பிளாக் இல்லாததால், தீபாவளிப் பட்டாசுக்கடைக்கு வைத்திருந்த ராக்கெட்டைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதன் கீழே விளையாட்டுகளின் வரிசை: தவளை ரோட்டைக் கடத்தல், வானத்துப் பூச்சிகளைச் சுடுதல், பேயிடம் சிக்காமல் உருண்டை விழுங்குதல். எல்லாவற்றுக்கும் அடியில் கொட்டை எழுத்தில் 'அனைவரும் வரலாம்'.

அந்த வரியை அவன் சும்மா போடவில்லை. கீழப்பழுவூர்ப் பக்கம் பிறர் வயலில் கூலிக்கு உழைத்த குடும்பம் எங்களுடையது. எங்கள் அப்பா அரியலூர் டவுனில் எந்தக் கடைக்குள்ளும் உட்கார்ந்ததில்லை. சரக்கை வாசலில் நின்று கேட்டு, வாசலில் நின்றே வாங்கிக்கொண்டு வருவார். அவர் மகன் கடை வைத்தான், அதில் பாயும் விரித்தான்.

ஒருநாள் கட்டடத்துச் சொந்தக்காரர் வந்தார்.

"ஏம்பா செல்வராசு, நோட்டீசுல அந்தக் கடைசி வரிய எடுத்துடுப்பா."

"ஏங்க?"

"எல்லாரும்னு போட்டா எல்லாருமே வந்துடுறானுவ. எங்க வூட்டுப் பையனும் காலனிப் பசங்களும் ஒரே பாயில ஒக்காந்துக்கிட்டு, அந்த ஆட்டக் குச்சிய மாத்தி மாத்திப் புடிச்சுக்கிட்டு… பாக்க நல்லாவா இருக்கு?"

"ரெண்டு பேரு ஆடுற ஆட்டமுங்க. கைமாத்தாம எப்பிடிங்க ஆடுறது?"

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். நாலு எடம் பாத்தவுங்க." எங்கள் அப்பாவைச் சாகும்வரை 'டேய்' என்று கூப்பிட்ட வாய் அது. விமானம் ஏறி இறங்கிய ஒரே காரணத்துக்காக என்னைச் சார் என்கிறது. என்ன மனிதர்கள்!

"நோட்டீசு அவன் அடிச்சது. அவன்தான் சொல்லணும்" என்றேன்.

"எடுக்க முடியாதுங்க" என்றான் செல்வராசு.

அவர் போய்விட்டார். அந்த வாரமே பஸ் ஸ்டாண்டில் வேறு ஒரு நோட்டீசைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே அச்சகம், அதே ராக்கெட், அதே தவளை. அந்தக் கடைசி வரி இருந்த இடத்தில் மட்டும் கல்யாணப் பத்திரிகையில் போடுகிற பூ ஒன்று இருந்தது. கட்டடத்துக்காரர் தன் செலவிலேயே அடித்திருக்கிறார். செல்வராசு அச்சகத்துக்குப் போய்க் கேட்டதற்கு, "கட்டடத்துக்காரரு சொன்னாரு, நீயும் ஒத்துக்கிட்டேன்னு நெனச்சேம்பா" என்று தலையைச் சொறிந்தார்களாம்.

அவன் மிச்சமிருந்த தன் நோட்டீசையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் அதே பஸ் ஸ்டாண்டில் நின்று தானே கொடுத்தான். அன்று சாயங்காலம் ஆட்டம் பாதியில் இருக்கும்போது டிவி அணைந்தது. "கரண்டு போச்சுடா" என்று பிள்ளைகள் கத்தினார்கள். வெளியே வந்து பார்த்தோம். பக்கத்துக் கடைகளிலெல்லாம் விளக்கு எரிந்தது. எங்கள் கடையின் பியூஸ் கட்டையை மட்டும் காணோம்.

செல்வராசு சண்டைக்குப் போவான் என்று பயந்தேன். அவன் பாயைச் சுருட்டினான். "அண்ணே, அந்தப் பக்கம் புடி" என்றான். மறுநாள் டிவியைப் போர்வையில் சுற்றிப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றினோம். மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியில் ஒருமுறை அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றான்.

பெரம்பலூரில் துணிக்கடை பாய் ஒருவர் கடையை ஒட்டிய அறையைக் காட்டினார். அறையைப் பார்ப்பதற்கு முன்பே செல்வராசு, "பாய், மொதல்லயே சொல்லிடுறேன். எங்கிட்ட எல்லாரும் வருவாங்க" என்றான். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "வரட்டுமே தம்பி. வந்தாத்தான யாவாரம்? பிஸ்மில்லான்னு ஆரம்பிங்க" என்றார்.

கடை அங்கேயும் பிடித்துக்கொண்டது. முதல் ஞாயிற்றுக்கிழமையே அரியலூர்க் கட்டடத்துக்காரரின் மகன் வீட்டில் உரமூட்டை பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறி வந்து, காலனிப் பையன்களோடு பாயில் உட்கார்ந்து பூச்சி சுட்டான்.

லீவு முடிந்து இரண்டு நோட்டீசையும் கொண்டுவந்து வால்ட்டிடம் காட்டினேன். வால்ட் கைகழுவிவிட்டு வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"இந்த வரி என்ன?"

"அனைவரும் வரலாம்."

"ஓ, எல்லா வயதினருக்கும்!"

"வயதைச் சொல்லவில்லை."

"பெண்களுக்கும் அனுமதி, அப்படித்தானே?"

அவரை உட்காரவைத்து அப்பா வாசலில் நின்றதிலிருந்து பியூஸ் கட்டைவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இமைக்காமல் கேட்டார். இந்த நாட்டில் இத்தனை வருடங்களில் என் பேச்சை ஒருவர் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. கேட்டு முடித்து, "அப்படியானால் பூப் போட்ட பதிப்பு எத்தனை அச்சடித்தார்கள்? அதுதான் கிடைப்பதற்கு அரிது, இல்லையா?" என்றார்.

அந்தக் கட்டடத்துக்காரராவது வரியின் அர்த்தம் தெரிந்து எடுத்தார். இவருக்கு அர்த்தமே வேண்டியதில்லை. பூ நோட்டீசை அவர் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்தேன். "மடிக்காதே!" என்று பிள்ளையைக் கீழே போட்டதுபோல அலறினார். அட்டை வீரனைத் தருகிறேன், வராத விளையாட்டின் கேட்டலாக்கையே தருகிறேன் என்று கெஞ்சினார். தரவில்லை. செல்வராசு அடித்ததை மட்டும் கொடுத்தேன். உறைக்குள் போட்டு, 'அரியலூர் கம்பெனி, எல்லா வயதினருக்கும்' என்று சீட்டு ஒட்டினார். அதற்குமேல் திருத்த எனக்குத் தெம்பு இல்லை.

ஊரில் இருப்பவர்கள் என்னைக் கேட்கலாம், இவர்களை இப்படி இளப்பமாகப் பேசுகிறாயே, பிறகு ஏன் அங்கே இருக்கிறாய் என்று. இங்கே என்னைப்போல வந்து சேர்ந்தவர்கள் கேட்கமாட்டார்கள். அவர்களுக்குத் தெரியும்.

இந்த வசந்தத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் இந்த மாதிரிக் கலெக்டர்கள் கூடினார்கள். வால்ட் வற்புறுத்தியதால் நானும் போனேன். அவருடைய மேசையைச் சுற்றித்தான் கூட்டம். உறையிலிருந்த நோட்டீசை என்னை வாசிக்கச் சொன்னார்கள். தவளை ரோட்டைக் கடத்தல் என்று தமிழில் வாசித்தேன், கைதட்டினார்கள். வாசல் பக்கச் சுவரில் அமெரிக்க வரைபடம் ஒட்டியிருந்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு குண்டூசியைத் தங்கள் ஊரில் குத்தவேண்டும். வால்ட் ஓஹையோவில் குத்தினார். பிறகு நோட்டீசுக்கென்று இன்னொரு ஊசியை எடுத்து, வரைபடத்தின் நீலக் கடலையும் தாண்டி, விளிம்புக்கு வெளியே வெறும் சுவரில் அழுத்தினார். சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நல்ல மனசோடுதான்.

எனக்கும் ஒரு குண்டூசி கொடுத்தார்கள். ஓஹையோவில் இடமே இல்லாமல் ஊசிகள் நெருங்கி நின்றன. சுவரில் அந்த ஒற்றை ஊசி தனியாக நின்றது. பின்னால் வரிசை காத்திருந்தது. ஊசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். காரில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டியபோது அது நெஞ்சில் குத்தியது.