பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கடல்

ஓய்வுபெறுகிறவருக்குச் சுவர்க்கடிகாரம் கொடுப்பது எங்கள் அலுவலக வழக்கம். நேரம் பார்க்க வேண்டிய அவசியம் தீர்ந்துபோன அன்றே கடிகாரத்தைக் கையில் கொடுப்பதன் நியாயம் எனக்கு விளங்கியதில்லை. நானே கண்காணிப்பாளராக இருந்து பதினேழு பேருக்குக் கடிகாரம் வாங்கும் கோப்பில் கையெழுத்திட்டிருக்கிறேன். ஆனால் 2004இல் என் முறை வந்தபோது, என் பிரிவில் இருந்தவர்கள் மரபை மீறிவிட்டார்கள். வண்ணத்தாள் சுற்றிய பெட்டியைப் பிரித்தால், சிகரெட் லைட்டர் அளவில் வெள்ளி நிறத்தில் ஒரு பொருள், அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கறுப்புக் கயிறு, காதில் செருக, ஒயரின் நுனியில் பஞ்சு உறை போட்ட இரண்டு உருண்டைகள். "சாருக்குப் பாட்டுன்னா உயிரு. எம்பி3 பிளேயரு, முப்பது பாட்டு கொள்ளும் சார், ஒரே ஒரு சின்ன பேட்டரிதான்" என்றார் தட்டச்சர். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டேன்.

எனக்கு அந்த வகைப் பொருள்கள்மீது மரியாதை இருந்ததில்லை. என்னிடம் நானூறுக்கு மேல் ஒலிநாடாக்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எண், பதிவேடு, யார் பாடியது, யார் வயலின், எந்த ஆண்டு வாங்கியது என்ற விவரம் எல்லாம் உண்டு. இந்தக் கருவியிலோ பாட்டுக்குப் பெயரே கிடையாது. 'டிராக் ஏழு' என்று காட்டும். ஏழாவதாகப் பிறந்த பிள்ளைக்கு ஏழு என்றே பெயர் வைத்ததுபோல. 'கலைத்துப் போடு' என்று ஒரு வசதி வேறு. அதை அழுத்தினால் மங்களத்தை முதலில் பாடிவிட்டு வர்ணத்துக்கு வரும். அந்தக் கருவிக்குள் போவதற்கென்றே வந்ததுபோல் இருந்த அந்நாளைய பாட்டுகளைப் பற்றி என் கருத்து இன்னும் கடுமையானது. முதல் விநாடியில் எந்தச் சத்தமோ அதே சத்தம் கடைசி விநாடி வரை. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் மூச்சுவிட இடமில்லை. இதை அலுவலகத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். மறுத்துப் பேசும் துணிவு, எனக்குக் கீழே வேலை பார்த்த யாருக்கும் இல்லை என்பதால் நான் சொன்னது சரி என்றே நம்பியிருந்தேன்.

என்னைவிட மூன்று வயது மூத்தவள் என் அக்கா. கிளிஞ்சல்மேட்டில் படகு கரையேறியதும் ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் காரைக்காலுக்குக் கொண்டுவந்து தெருத்தெருவாக விற்பவள். நான் நாற்காலியில் உட்கார்ந்து முப்பத்தாறு வருஷம் சம்பாதித்த மரியாதையைவிட அவள் கூடையோடு நடந்து சம்பாதித்தது அதிகம். பெரிய அதிகாரிகளின் வீட்டில் என்னை வராந்தாவில் உட்காரவைப்பார்கள். அவளைச் சமையலறை வரை கூப்பிடுவார்கள். கைம்பெண்ணாகி இருபது வருஷம் ஆன பிறகும் என்னிடம் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. கேட்டால், "ஒன் சம்பளம் மாசத்துக்கு ஒருவாட்டிடா தம்பி. எனக்கு தெனம் சம்பளம்" என்பாள்.

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவள் கரையில்தான் இருந்தாள். அவள் பிழைத்தாள். அவளுக்குப் பக்கத்தில் கூடை வைத்து இருபது வருஷம் விற்ற தோழி பிழைக்கவில்லை. இதற்குமேல் அவள் சொன்னதுமில்லை, நான் எழுதப்போவதும் இல்லை.

அதன்பிறகு அவள் டவுனில் என் வீட்டில் இருந்தாள். என் மனைவி அவளை உட்காரவைத்துப் பரிமாறுவாள். அதுதான் அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. மாதங்கள் போயின. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, பழுதுபார்த்த படகுகளும் புதிய ஃபைபர் படகுகளும் கடலுக்குப் போகத் தொடங்கின. வாசலில் வேறொருத்தி மீன் கொண்டுவந்தாள். அக்கா உள்ளேயே இருந்துகொண்டு என் மனைவியிடம், "செவுள தூக்கிப் பாத்து வாங்கும்மா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "வாசல்ல வர்ற மீன வாங்கித் திங்கிற ஆளாயிட்டேன் பாத்தியா" என்றாள். சிரிக்க முயன்றாள், வரவில்லை.

மூன்று முறை அவளைக் கரைக்குக் கூட்டிப்போனேன். மூன்று முறையும், அலைச்சத்தம் கேட்கத் தொடங்கும் திருப்பத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி, வந்த வழியே நடக்கத் தொடங்கினாள். மருத்துவரிடம் போனோம். ஆற்றுப்படுத்த வந்த தொண்டு நிறுவனத்தாரிடமும் போனோம். அவர்கள் நல்லவர்கள், ஆனால் அவர்களுடைய படிவத்தில் பதினோராவது கேள்விக்கு முன்னால் கடல் என்ற சொல்லே வரவில்லை. அக்காதான் விஷயத்தை ஒரு வரியில் சொன்னாள்: "கண்ண மூடிக்கலாம்டா. காத எப்புடி மூடுறது?"

பஞ்சு வைத்துப் பார்த்தோம். அலையின் கீழ்ச்சுருதியைப் பஞ்சு தடுப்பதில்லை. அப்போதுதான் இழுப்பறை நினைவுக்கு வந்தது.

முதலில் நான் செய்தது படித்தவன் செய்யக்கூடிய தவறு. மனதை ஆற்றும் சங்கீதம் என்று எனக்கு நானே முடிவுசெய்து, என் நாடாக்களிலேயே உயர்ந்ததாக நான் கருதிய ஒரு புல்லாங்குழல் ஆலாபனையைக் கடையில் கொடுத்து, கருவிக்கு மாற்றி ஏற்றிக்கொண்டு வந்தேன். கழுத்தில் மாட்டி, காதில் செருகி, கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். திருப்பத்தைத் தாண்டினாள். கருவேல மரங்கள் வரை வந்தாள். திடீரென்று என் கையை உதறிவிட்டுத் திரும்பி ஓடினாள். அறுபத்து நான்கு வயதில் யாரும் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மெயின் ரோட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "ஊதுறவரு மூச்சு வாங்குறப்பல்லாம் அது உள்ள வந்துடுதுடா."

இவ்வளவு காலம் எதை நான் சங்கீதத்தின் உயிர் என்று சொல்லிவந்தேனோ, அந்த மௌனம்தான் ஓட்டை.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் முன்பு ஒலிநாடா பதிவு செய்து கொடுத்த ஒருவர், அப்போது கணினி வைத்துப் பாட்டு ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் செய்தது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். அவரிடம் அதைச் சொல்லியும் இருக்கிறேன். புல்லாங்குழலை மாற்றிக் கொடுத்ததும் அவர்தான். மறுபடி அவரிடமே போனேன். என் பிரச்சினையைக் கேட்டுவிட்டு, அவர் திரையில் இரண்டு படங்களைக் காட்டினார். "இது ஒங்க புல்லாங்குழலு சார்" என்றார். குன்றும் பள்ளமுமாக ஒரு கோடு. "இது இப்ப ஓடுற குத்துப்பாட்டு." அதில் பள்ளமே இல்லை, மேலிருந்து கீழ்வரை அடைத்துக்கொண்டு ஒரே கறுப்பு. கடலோரம் கருங்கல் கொட்டி அப்போது எழுப்பிக்கொண்டிருந்த தடுப்பை நெட்டுக்குத்தாக நிறுத்திப் படமெடுத்ததுபோல் இருந்தது. "நீங்கதான சார் இதெல்லாம் பாட்டான்னு கேப்பீங்க?" என்றார். அந்த வகையிலேயே முப்பது பாட்டு ஏற்றச் சொன்னேன்.

இந்த முறை அக்காவைக் கூட்டிப்போகும் முன் நானே கரைக்குப் போய் நின்றேன். எதையும் சரிபார்க்காமல் மேலே அனுப்பும் பழக்கம் எனக்கில்லை. நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டேன்: வரிசை எண், பாட்டு, கடல் கேட்ட நேரம், குறிப்பு. பாட்டுக்குள்ளே எங்கும் கடல் கேட்கவில்லை. நாதஸ்வரத்தையும் தவிலையும் இரும்புப் பட்டறையில் போட்டு அடித்ததுபோன்ற அந்தச் சத்தத்தைத் தாண்டி வர எந்த அலைக்கும் தெம்பில்லை. ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் இரண்டு விநாடி இடைவெளி. அந்த இரண்டு விநாடியிலும் கடல் தவறாமல் வந்தது. சத்தம் அடங்கிய காதுக்கு அது முன்னைவிடப் பெரிதாகவே கேட்டது. முப்பது பாட்டுக்கு இருபத்தொன்பது முறை. மீன் உலர்த்திக்கொண்டிருந்தவர்கள், ஓய்வுபெற்ற ஆபீசர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு குத்துப்பாட்டுக்குக் கணக்கெழுதுகிறார் என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று நாள் அந்தக் கடையில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு பாட்டின் தலையையும் வாலையும் வெட்டி, ஒன்றின் கடைசி அடிமேல் அடுத்ததன் முதல் அடியை ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஒட்டினோம். தாளம் இடறக் கூடாது என்று நான். கேட்டால் போதும் என்று அவர். "விடுங்க சார், அம்மா என்ன விமர்சனமா எழுதப்போறாங்க?" நான் விடவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம், ஓர் இடத்திலும் காற்றுப் புகாத கோப்பு. அரசாணைகளுக்கு வரைவு எழுதியவன் நான். ஆனால் என் வாழ்நாளில் நான் தயாரித்தவற்றில் குறையே சொல்ல முடியாத கோப்பு அது ஒன்றுதான்.

அக்கா திருப்பத்தைத் தாண்டினாள். கருவேல மரங்களைத் தாண்டினாள். தலையைக் குனிந்து மணலை மட்டும் பார்த்து நடந்தாள். என் மணிக்கட்டில் அவள் விரல்கள் பதிந்த தடம் சாயங்காலம் வரை இருந்தது. ஏலம் நடக்கும் இடத்தில் போய் நின்றாள்.

முதல் நாள் ஏலம் சிரிப்பாய்ச் சிரித்தது. காதில் பாட்டு இடித்ததால் அவளுக்கு ஏலக்காரர் வாயும் விரலும்தான் தெரிந்தன. கானாங்கெளுத்திக் கூடைக்கு அவள் ஒரு விலை கேட்டாள். அவர் அதையே திருப்பிச் சொல்ல, வேறு யாரோ கேட்டுவிட்டார்கள் என்று நினைத்து அதற்குமேல் கேட்டாள். அவர் அதையும் திருப்பிச் சொன்னார். அவள் இன்னும் ஏற்றினாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "யம்மா, ஒங்களுக்கு எதிரா ஒங்களத் தவிர இங்க யாருமில்ல" என்றார். பக்கத்தில் நின்ற இளையவள் ஒருத்தி, "யக்கா, கல்யாண வூட்டு மைக்செட்டாட்டம் கத்துறியே, காது போச்சா?" என்றாள். அக்காவுக்கு அதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு அவள் விற்றதில் லாபம் இல்லை. ஆனால் என் வீட்டுச் சமையலறையில் கூடையை இறக்கி, என் மனைவிக்கு முதல் மீனை எடுத்து வைத்தாள்.

ஒரு மாதத்தில் அவள் தன் வீட்டுக்கே போய்விட்டாள். கழுத்தில் வெள்ளியாகத் தொங்கும் அந்தக் கருவி கரையில் அவளுக்கு அடையாளமாகிவிட்டது.

இன்றைக்கு, இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டு முடியும் நேரத்தில், எல்லோர் சட்டைப்பையிலும் பாட்டு இருக்கிறது. பஸ்ஸில் ஏறினால் நான்கு கைபேசிகளில் நான்கு பாட்டு; காதில் செருகிக் கேட்கும் நாகரிகம் வந்த வேகத்தில் போய்விட்டது. போனில் கூப்பிட்டால் மணி அடிப்பதற்குப் பதிலாக யாரோ காதலில் தோற்ற கதையைப் பாடுகிறார். என் கருத்துகள் பெரும்பாலும் மாறவில்லை. ஆனால் குத்துப்பாட்டை யாராவது என் முன்னால் இகழ்ந்தால், 'அது எதற்குப் பயன்படும் என்று உமக்குத் தெரியுமா' என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்பதில்லை.

அக்கா கரைக்குத் திரும்பியதற்கு மறுவருஷம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கரையில் அந்த இளையவள்தான் ஆரம்பித்தாள்: "ஒரே பாட்டையே எத்தினி மாசம் கேப்ப யக்கா? தம்பிகிட்ட குடுத்து மாத்து." நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். வேறு வழியில்லாமல் கழற்றிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து பேட்டரி மூடியைத் திறந்தேன். பேட்டரி பிதுங்கி, வெள்ளையாகப் பொடி பூத்து, கம்பிச்சுருள் பச்சை பிடித்திருந்தது. நேற்றோ போன மாதமோ செத்த பேட்டரி இல்லை. எத்தனையோ மாதமாக அவள் காதில் பாட்டு இல்லை. கடல்தான் இருந்திருக்கிறது.

சாயங்காலம் அவள் வந்தாள். பேட்டரியை மேசைமேல் வைத்திருந்தேன்.

"எப்பலேர்ந்துக்கா?"

"தீவாளிக்கு முன்னாடியே. ஏலத்துக்கு நடுவுல நின்னுபோச்சு. ஓடலாம்னுதான் பாத்தேன். சங்கரா மீனு நல்லாருந்துச்சு, வுட்டுட்டுப் போவ மனசு வரல." பேட்டரியை மேசை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "மறுநாளும் போனேன்."

"அப்புறம் ஏன் மாட்டிக்கிட்டுத் திரியுற?"

"இது காதுல இருந்தா யாரும் வந்து 'இப்ப எப்புடி இருக்க, பயமா இருக்கா'ன்னு கேக்க மாட்டேங்குறாளுவ. பாட்டு கேக்குறேன்னு நெனச்சுட்டு மீனப் பத்தி மட்டும் பேசுறாளுவ."

முப்பத்தாறு வருஷத்தில், உண்மை என்று எனக்குத் தெரியாத எதற்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. மறுநாள் காலை கரைக்குப் போய், பேட்டரி இல்லாத அந்தக் கருவியை ஏழெட்டுப் பேர் முன்னிலையில் அவள் கையில் கொடுத்து, "மாத்திட்டேன்க்கா. எல்லாம் புதுப்பாட்டு" என்றேன்.

அக்கா காதில் செருகிக்கொண்டாள். தாளம் போடுவதுபோல் தலையைக்கூட ஆட்டினாள். அந்த இளையவள் ஒரு பக்கத்து உருண்டையைப் பிடுங்கக் கை நீட்டினாள். "குடு யக்கா, எனக்கும் ஒரு பாட்டு."

"கைய எடுடி. மொதல்ல போயி மீனப் பாரு" என்று தட்டிவிட்டாள்.

படகுகள் வந்திருந்தன. காற்று பலமாக இருந்தது. அலை உயர்ந்து உயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. அக்கா ஏலக்காரருக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்துக் குனிந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் அவர் விலையைச் சொன்னார். யாரோ ஏற்றினார்கள். இன்னொருத்தி ஏற்றினாள்.

அக்கா திரும்பாமலே, எல்லோரையும்விட ஒரு படி மேலே கேட்டாள்.